இங்கே சலுகை கிடையாது

இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் அம்மா. அந்தப் பக்கத்துக் காது கொஞ்சம் சோம்பேறி. வேலை செய்யும், ஆனால் அதற்கு மனசு வர வேண்டும். ஆ, இப்போது சரி.

பலூன் தட்டிக்கொண்டிருக்கிற பச்சைச் சட்டை உங்கள் தம்பியா? நல்ல உயரம். ஸ்மாஷ் அடிக்க ஏற்ற தோள். கவலைப்படாதீர்கள், இங்கே முதல் நாள் எல்லாருக்கும் பலூன்தான். மெர்லின் டீச்சரின் ஏற்பாடு. ஷட்டில் விருட்டென்று வந்துவிடும். பலூன் யோசித்து யோசித்து வரும், அடிக்கிறவரும் அதோடு சேர்ந்து யோசித்துக்கொள்ளலாம் என்பார். சட்டப் புத்தகத்தில் பலூன் என்ற சொல்லே கிடையாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். அவர் சிரித்துவிட்டால் நம் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் தாணுமாலயன். இந்த கிளப்பின் நடுவர். நம் நாகர்கோவில் வழக்கில் அம்பயர். கல்லூரி நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால்தான் நான் பேசினால் அச்சடித்த தாள் வாய் திறந்த மாதிரி இருக்கிறது என்று இங்கே கேலி செய்வார்கள். செய்யட்டும். வாசல் பலகையில் 'பூப்பந்துக் கழகம்' என்று எழுதியிருப்பதைப் பார்த்தீர்கள் அல்லவா? தவறு. பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளிப் பந்து, ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், வேறு ஆட்டம். நாங்கள் ஆடுவது இறகுப்பந்து. பலகை மாட்டிய நாளிலிருந்து சொல்லிவருகிறேன். எழுதிய பெயின்டர் போய்ச் சேர்ந்தே விட்டார், பாவம், பலகை இருக்கிறது. அது வேறு விஷயம்.

தம்பியைச் சேர்க்கலாமா என்று பார்க்க வந்திருக்கிறீர்கள். சேர்ப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மெர்லினைப் புகழ்வார்கள். நான் நடந்ததைச் சொல்கிறேன். அந்த மூலையில், தூணுக்கும் தண்ணீர் டிரம்முக்கும் நடுவே, துண்டு காயப்போட்டிருக்கிற உயரமான நாற்காலி தெரிகிறதா? அது என் நாற்காலி. நடுவர் நாற்காலி. ஒரே ஒரு ஓணத்தில் அது துணிக்கொடி ஆகிவிட்டது. எப்படி ஆயிற்று என்பதுதான் கதை.

நல்ல தேக்கு அது. முன்பு இன்னும் உயரம். என் முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்ததும் கிளப்பில் தச்சரை வரவழைத்து நாலு காலையும் அறுத்துக் குறைத்தார்கள். பிடித்து ஏற ஒரு கம்பியும் வைத்துக்கொடுத்தார்கள். கோர்ட்டின் அந்தக் கோடிக்கு மேலே அதிகமாக ஒரு விளக்கு போட்டார்கள். ஸ்கோர் அட்டையில் எண்களைப் பெரிதாக எழுதினார்கள். நான் எதுவும் கேட்கவில்லை. நடுவர் பதவிக்குச் செய்ய வேண்டிய மரியாதை, செய்தார்கள்.

இந்த கிளப்பின் வியாதி என்னவென்றால் கோடு. ஷட்டில் கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா. இங்கே பத்மதாஸ் என்று ஒருவர் இருக்கிறார், நகைக்கடை வைத்திருக்கிறார். அவர் கடைத் தராசில் ஒரு நெல் எடை பிசகாது என்று ஊரே சொல்லும். கோர்ட்டுக்குள் வந்துவிட்டால் அவர் பக்கம் விழுகிற எதுவும் அவுட். நட்டநடுவில் விழுந்தாலும் அவுட். எதிர்ப்பக்கம் பல் டாக்டர் கிங்ஸ்லி, கிளப்பின் செயலாளர். அவர் அடிக்கிற எதுவும் உள்ளே. சுவரில் பட்டுக் கீழே விழுந்தாலும் உள்ளே. இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் நியாயம் சொல்ல வேண்டும்.

அதற்கு என்னிடம் ஒரு முறை இருக்கிறது. நானே கண்டுபிடித்தது. புத்தகத்தைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களை வருஷக்கணக்காக விசாரித்த அனுபவம். உண்மையைச் சொல்ல மனிதன் யோசிக்க வேண்டியதில்லை. பொய்க்குத்தான் நேரம் பிடிக்கும். ஆகவே எந்தக் குரல் முதலில் வருகிறதோ அது உண்மை. முதலில் கத்தியவர் பக்கம் புள்ளி. சந்தேகமே கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. வேறு ஊர்களில் ஆட்டம் பார்த்திருக்கிறேன். அமைதியாக ஆடுகிறார்கள். இங்கே மட்டும் ஷட்டில் தரையைத் தொடுவதற்குள் நாலு பேரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். சில சமயம் அது காற்றில் இருக்கும்போதே கத்துவார்கள். அடுத்த காம்பவுண்டுக் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்கவில்லை என்று ஒரு பெண்வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று நானும் எவ்வளவோ யோசித்துவிட்டேன். கடற்காற்றோ என்னவோ.

சென்ற ஆண்டு பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் மெர்லின் வந்தார். சனிக்கிழமை மாலையில் கோர்ட் வேண்டும், கற்றுக்கொள்வது கொஞ்சம் மெதுவாக நடக்கிற சிலருக்கு ஷட்டில் சொல்லித்தரப் போகிறேன் என்றார். எண்ணும் எழுத்தும் லேசில் பிடிபடாதவர்கள். பிள்ளைகள்தானே, வரட்டும் என்றேன். பிள்ளைகள் இல்லை சார், பெனிட்டாவுக்கு இருபத்தெட்டு வயசு என்றார். குறித்துக்கொண்டேன். சொல்லைத் திருத்தினால் நான் கோபப்படுகிறவன் இல்லை.

பெனிட்டா என்பது அதோ, நெட்டுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு உங்கள் தம்பியை மேற்பார்வை பார்க்கிறாளே, அவள்தான். சித்தியின் பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கிறாள். மடித்த பெட்டியில் ஒரு மூலை பிசகியிருந்தால் பிரித்துவிட்டு மறுபடி மடிப்பாள். ஸ்மாஷ் அடிக்கப் பிடிக்கும். குனிந்து ஷட்டில் பொறுக்கப் பிடிக்காது. எதிராளி தவறவிட்டால் வாய்விட்டுச் சிரிப்பாள். அது நல்ல பழக்கம் இல்லை என்று நான் சொல்லியிருக்கிறேன். அதற்கும் சிரித்தாள்.

வந்ததும் என்ன செய்தார்கள்? நெட்டை இறக்கினார்கள். வெள்ளை இறகுக்குப் பதிலாக மெதுவாகப் பறக்கிற மஞ்சள் பிளாஸ்டிக். பிடி குட்டையான ராக்கெட். தரையில் எங்கே நிற்பது என்று மஞ்சளில் பாதம் வரைந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல். அது உள்ளே இறங்கிய பிறகுதான் அடுத்தது. நான் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் மெர்லினிடம் விளக்கினேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்று. ஒருவருக்கு நெட்டை இறக்கினால் அது விளையாட்டு இல்லை, தர்மம். தர்மம் செய்யக் கோயில் வாசல் இருக்கிறது என்றேன். மெர்லின் என் நாற்காலியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேனே, நல்ல தேக்கு. யாரும் பார்ப்பார்கள்.

கோடுகளை அவர் சொல்லிக்கொடுத்த விதம் ஒன்று உண்டு. அதில்தான் வந்தது வினை. இது ஒற்றையர் கோடு, இது இரட்டையர் கோடு என்று படம் போட்டுச் சொன்னால் அவர்களுக்கு நிற்காதாம். அதனால் ஷட்டில் விழுந்த இடத்துக்கு ஓட வேண்டும், அதைக் காலால் தொட வேண்டும், உள்ளேயா வெளியேயா என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்கவில்லை என்றால் சொல்லக் கூடாது. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டும். இந்தக் கண்ணைப் பொத்துவது மட்டும் முறையான சைகை. பெரிய போட்டிகளில், கோட்டைப் பார்ப்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிற லைன் ஜட்ஜ்கள் செய்வார்கள். நான் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன். செய்ய அவசியம் வந்ததில்லை.

சனிக்கிழமை கடைசி ஆட்டம் எல்லாரும் கலந்து ஆட வேண்டும் என்று மெர்லின் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். அப்படி ஒரு நாள் பத்மதாஸ் ஸ்மாஷ் அடித்தார், பெனிட்டா பக்கம் விழுந்தது. அடித்த கையோடு "இன்!" என்று ஒரு கத்தல். என் முறைப்படி தீர்ப்பு சொல்லிவிட்டேன், இன். பெனிட்டா நிதானமாகப் போனாள், காலால் தொட்டாள், என்னைப் பார்த்தாள்.

"வெளிய சார்."

தீர்ப்பு ஆகிவிட்டது, ஆடு என்றேன்.

"இல்ல சார். வெளிய. எறங்கி வந்து பாருங்க."

அம்மா, அந்த நாற்காலியில் நான் ஏறிய நாளிலிருந்து யாரும் என்னை இறங்கி வந்து பார் என்று சொன்னதில்லை. அவள் ராக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வேறு வழி? கம்பியைப் பிடித்து இறங்கினேன். போய்ப் பார்த்தால் ஷட்டில் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளிக் கிடக்கிறது. காற்று அடித்து நகர்ந்திருக்கலாம். ஜன்னல் மூடியிருந்தது என்பது வேறு விஷயம்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்ததாக வந்தது அவள் பின்பக்கக் கோட்டில் விழுந்தது. பத்மதாஸே போய்விட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் ஓடிப் போய்க் காலால் தொட்டுவிட்டு, "உள்ள மாமா. உங்களுக்குத்தான்" என்றாள். பத்மதாஸ் நின்ற நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருவில் யாரோ கூப்பிட்டுப் பர்ஸைக் கையில் கொடுத்த மாதிரி நின்றார்.

இப்போது ஓணத்துக்கு வருகிறேன். ஓணத்தை ஒட்டி எங்களுக்கு ஓர் இரட்டையர் கோப்பை உண்டு. கோப்பை பித்தளைதான், அதற்காக யாரும் ஆடுவதில்லை. சுவருக்காக ஆடுகிறார்கள். உங்களுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள். நீல பெயின்டில் வருஷவாரியாகப் பெயர்கள். வென்ற ஜோடி, கீழே இறுதி ஆட்டத்தின் நடுவர், லைன் ஜட்ஜ் யாராவது இருந்தால் அவர். அந்த ஓணத்துக்கு முந்தைய வருஷங்களில் லைன் ஜட்ஜ் என்று ஒரு பெயரும் கண்ணில் படாது. நான் வைத்துக்கொண்டதில்லை. எனக்கு எதற்கு இன்னொரு கண்?

பெனிட்டாவுக்குத் தன் பெயரை எழுதவும் படிக்கவும் தெரியும். வந்த முதல் வாரமே அந்தச் சுவர் முன்னால் நின்று மேலிருந்து கீழே தேடிவிட்டு, என் பேர் இல்லையே என்று மெர்லினிடம் கேட்டாளாம். ஜெயித்தால் எழுதுவார்கள் என்று மெர்லின் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சனிக்கிழமை தவறாமல் ஆட்டத்துக்கு முன்னால் சுவரில் காலி இடத்தைத் தடவிப் பார்ப்பாள். இங்க, என்பாள். மற்ற ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்கு முந்தின நேரம் பலகாரம் சாப்பிடுகிற நேரம். அவளுக்கு வேலை.

அவள் ஓணம் கோப்பையில் ஆடலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. டாக்டர் கிங்ஸ்லி நல்ல மனிதர், நேரே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வராது. சட்டம் என்ன சொல்கிறது சார், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று என் தலையில் கட்டினார். தடுக்கிற விதி எங்காவது இருக்கும் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். அடிக்குறிப்பு வரை படித்தேன். நெட் நூல் என்ன தடிமன் இருக்க வேண்டும் என்று இருக்கிறது, ஷட்டிலுக்கு எத்தனை இறகு என்று இருக்கிறது. யார் ஆடக் கூடாது என்று ஒரு வரி இல்லை. சட்டப் புத்தகம் என் காலை வாரிய நாள் அது. ஆடலாம், ஆனால் எந்தச் சலுகையும் கிடையாது என்று தீர்ப்பு சொன்னேன். சரியான உயரத்தில் நெட், வெள்ளை இறகு, முழு ராக்கெட்.

மெர்லின் சரி என்றார். அவ்வளவு லேசாகச் சரி என்றபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். போய் நெட்டை அளந்தால் அது ஏற்கனவே சட்டப்படியான உயரத்தில் நிற்கிறது. அந்த அம்மா வாரத்துக்கு ஒரு விரற்கடை வீதம் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார். ஆடினவர்களும் கவனிக்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நானும்... நான் கவனித்தேன். சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் ஸ்கோரைச் சொல்லிவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து சர்வீஸ் என்று கையையும் நீட்ட வேண்டும். பெனிட்டா தலையாட்டும் வரை காத்திருக்க வேண்டும். கை நீட்டக் கூடாது என்று சட்டத்தில் இல்லை. செய்தேன். வேடிக்கை என்னவென்றால், பத்மதாஸ் வழக்கமாகத் தன் புள்ளியில் ஒன்றைக் கூட்டியே எண்ணுகிறவர். நான் கை நீட்ட ஆரம்பித்த பிறகு அவருக்கும் கணக்கு சரியாக வர ஆரம்பித்துவிட்டது.

ஜோடி சேர்ப்பது இங்கே குலுக்கல்தான். பிஸ்கட் டப்பாவில் சீட்டுப் போட்டு நானே குலுக்குவேன். பெனிட்டாவின் சீட்டோடு வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பத்மதாஸ்.

மனிதர் என்னைத் தூண் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "அண்ணாச்சி, இன்னொருக்க குலுக்கும். எனக்க ஆயுசுல ஒருக்கலாவது அந்தச் சுவத்துல பேரு வரணும்" என்று கெஞ்சினார்.

அது பெனிட்டாவுக்குக் கேட்டுவிட்டது. "மாமாவுக்கு நான் வேண்டாம்னா எனக்கும் மாமா வேண்டாம்" என்றாள். "மாமா பொய்க் கோடு சொல்லும்."

ஹாலே சிரித்தது. கிங்ஸ்லி பெஞ்சைத் தட்டிச் சிரித்தார், தான் மட்டும் என்னவோ தராசு முள் மாதிரி. மறு குலுக்கல் சட்டத்தில் இல்லை என்று நான் டப்பாவை மூடிவிட்டேன். இரண்டு பேரும் என்னை ஒரே மாதிரி முறைத்தார்கள். ஜோடிப் பொருத்தம் அங்கேயே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டத்தில் பத்மதாஸ் வழக்கம்போல் "அவுட்!" என்று கத்தினார். நான் புள்ளி கொடுக்க வாய் திறப்பதற்குள் அவள் போய்த் தொட்டுவிட்டு, "உள்ள மாமா" என்றாள். மறுபடி கத்தினார். மறுபடி தொட்டாள். சொந்தக் கூட்டாளியே இப்படிச் செய்தால் மனிதன் எத்தனை தடவை கத்துவான்? கத்தல் முனகல் ஆயிற்று. முனகல் இருமல் ஆயிற்று. இரண்டாம் ஆட்டத்தில் அவரே கோட்டைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். வைரம் பார்க்கிற கண் அது. ஒரு தடவை பார்த்தால் தப்பாது. இவ்வளவு நாள் ஏன் பார்க்காமல் கத்தினார் என்று தெரியவில்லை.

எதிரில் ஆடியவர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. இந்தப் பக்கம் இருவரும் காலால் தொட்டு நிஜத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் நின்று கத்துவதற்குக் கூச்சமாகத்தானே இருக்கும்? கத்துவதில் செலவான மூச்சு மிச்சமானதாலோ என்னவோ, பத்மதாஸ் நன்றாக ஆடினார். முன்னால் பெனிட்டா, பின்னால் அவர். நெட்டை ஒட்டி வருவதெல்லாம் அவளுடைய ஸ்மாஷுக்குத் தீனி. இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டார்கள். எதிரே கிங்ஸ்லியும் அவர் கூட்டாளியும்.

கடைசி செட்டில் இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. அதற்கு மேல் நீட்டிக்கச் சட்டத்தில் இடமில்லை. அடுத்த புள்ளி எவருக்கோ, கோப்பை அவருக்கு, சுவர் அவருக்கு. பெனிட்டா சர்வீஸ் போடுவதற்கு முன்னால் சுவரை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நான் கை நீட்டினேன். தலையாட்டினாள்.

நீண்ட ஆட்டம். கடைசியில் கிங்ஸ்லி உயரமாகத் தூக்கி அடித்தார். பத்மதாஸ் தலைக்கு மேலே போயிற்று. அவர் கூரையைப் பார்த்தபடி துள்ளினார், எட்டவில்லை. என் நாற்காலிக்கு எதிர்க்கோடியில், அந்த மூலையில் போய் விழுந்தது. வெளியே என்றால் பெனிட்டாவுக்குக் கோப்பை. உள்ளே என்றால் கிங்ஸ்லிக்கு.

நான் குரலுக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை, அம்மா. பத்மதாஸ் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கிங்ஸ்லி தொண்டையைச் செருமினார். அது 'இன்' இல்லை, வெறும் செருமல். நல்ல காதையும் சோம்பேறிக் காதையும் சேர்த்துத் தீட்டிக்கொண்டேன். ஹாலில் மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பிறகு பார்த்தால் மொத்தக் கூட்டமும் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லக் கூடாது அல்லவா? துடைத்து மாட்டிவிட்டு, நடுவருக்குள்ள அதிகாரத்தின்படி இந்த ஆட்டத்துக்குப் பெனிட்டாவை லைன் ஜட்ஜாக நியமிக்கிறேன் என்று அறிவித்தேன். ஆடுகிறவரையே நியமிக்கலாமா என்பது நுட்பமான கேள்வி. அந்த நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

அவள் மூலையைப் பார்த்தாள். பத்மதாஸைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், ஆமாம், அதையும் பார்த்தாள். ஷட்டில் அதற்குள் உருண்டுவிட்டது. ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். புத்தகத்துப் படத்தில் இருக்கிற மாதிரியே, அச்சு அசலாக.

"நான் பாக்கல சார். மாமா மறைச்சிட்டாரு." கையை எடுத்தாள். "நீங்க பாத்தீங்களா?"

இப்படி ஒரு கேள்வியை ஒரு நடுவரைப் பார்த்து யாராவது கேட்பார்களா? கேட்கிற கேள்வியா இது?

"லெட்" என்றேன். அதாவது அந்தப் புள்ளி செல்லாது, திரும்ப ஆட வேண்டும். லைன் ஜட்ஜுக்குக் கண் மறைந்து, நடுவராலும் முடிவு செய்ய இயலாதபோது லெட். சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் பார்த்தேன் என்பது வேறு விஷயம். பார்க்காமல் இருப்பேனா? லைன் ஜட்ஜை நியமித்துவிட்டு அவரைத் தாண்டிப் போவது நாகரிகம் இல்லையே என்று விட்டுக்கொடுத்தேன்.

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் சத்தமாக. எங்கே விழுந்ததா? அடடா, உங்கள் தம்பி பலூனை உடைத்துவிட்டார் பாருங்கள். நல்ல வலு. வேறு பலூன் கொடுப்பார்கள், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

திரும்ப ஆடினார்கள். கிங்ஸ்லியிடமிருந்து லட்டு மாதிரி ஒன்று நெட்டுக்கு மேலே வந்தது. பெனிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்மாஷ் அடித்தாள். நேராக நெட்டில். யாருக்கும் சந்தேகமில்லை, யாரும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. "நெட்டு!" என்று அவளே கத்தினாள், அவ்வளவு கோபம். ராக்கெட்டை வீசி எறிந்தாள். பிறகு தானே போய் எடுத்து, உடைந்திருக்கிறதா என்று பார்த்து, உறையில் போட்டாள். கிங்ஸ்லி கை கொடுக்க வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஜெயித்தவர் அவள் முன்னால் நின்று, மன்னிச்சுக்கோ மக்களே என்று எதற்கென்று தெரியாமலே மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கை கிடைத்தது. பத்மதாஸ் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் சுவர் போயிற்று. ஆனால் ஒரு வார்த்தை தகராறு பேசாமல் அவர் தோற்றது அன்றைக்குத்தான். பழக்கமில்லாததால் என்ன செய்வது என்று தெரியாமல் அவளுடைய உறையின் ஜிப்பை மூடிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெயர் எழுதுகிறவர் வந்த அன்று நான் சுவர்ப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஆண்டும் உட்காருவேன். வென்ற ஜோடி எழுதினார். நடுவர் தாணுமாலயன் எழுதினார். டப்பாவை மூடப் போனார். இன்னும் ஒரு வரி இருக்கிறதப்பா என்றேன்.

கிங்ஸ்லி ஓடி வந்தார். ஆடினவளே எப்படி சார் லைன் ஜட்ஜ் ஆக முடியும் என்றார். நான் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். லைன் ஜட்ஜ் நியமிக்கப்பட்டார், கூட்டமே கேட்டது. அவரிடம் தீர்ப்பு கேட்கப்பட்டது. அவர் முறையான சைகையைக் காட்டினார். அதன்படி ஆட்டம் மறுபடி நடந்து, அதில் நீர் ஜெயித்தீர். அந்த நியமனம் செல்லாது என்றால் லெட் செல்லாது. லெட் செல்லாது என்றால் உம்முடைய கோப்பையும் செல்லாது. எப்படி வசதி என்றேன். ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிற டாக்டர், தன் வாயைத் திறந்து மூடிக்கொண்டு போனார்.

நான் யாருக்கும் உபகாரம் செய்யவில்லை. நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். சட்டம் அப்படி. அவள் வந்து எழுத்து எழுத்தாகத் தொட்டுப் படித்தாள், விரலெல்லாம் நீலம். காய்ந்த பிறகு தொடு என்று சொல்லியும் கேட்கவில்லை. கடைசி எழுத்தில் ஒரு தீற்றல் தெரிகிறதா? அது அவள் விரல். திருத்தி எழுத வேண்டாம் என்று நான்தான் விட்டுவைத்தேன். பெயின்ட் விலை என்ன விற்கிறது. பத்மதாஸ் இப்போது புதிதாக வருகிறவர்களை அந்த வரிக்கு நேரே நிறுத்தி, "இது எனக்க பார்ட்னராக்கும்" என்று காட்டுகிறார்.

சரி, என் குறைக்கு வருகிறேன். அந்த ஓணத்துக்குப் பிறகு இந்த கிளப்பில் ஒருவரும் கத்துவதில்லை. விழுந்தால் போய்ப் பார்க்கிறார்கள், சொல்கிறார்கள், தெரியாவிட்டால் கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். பல் டாக்டர், வயது வந்த மனிதர், நடு கோர்ட்டில் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். நான் மேலே உட்கார்ந்து என்ன செய்வது? என் நூலகம்கூட இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. ஒரு நாள் பெயின்ட் அடிக்க என்று நாற்காலியை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். பெயின்ட் காய்ந்தது. பிறகு துண்டு காய ஆரம்பித்தது.

மெர்லின் வந்து, சார், புதிதாக வருகிறவர்களோடு ஆட நிதானமான ஒருவர் தேவைப்படுகிறார், சனிக்கிழமை நீங்கள் வந்து உதவ முடியுமா என்று கேட்டார். மறுக்க முடியுமா? பொதுத் தொண்டு. பல வருஷத்துக்குப் பிறகு ராக்கெட் பிடித்தேன். மஞ்சள் ஷட்டிலில்தான் ஆட்டம். அவர்களுக்காகத்தான் அந்த மஞ்சள். என் கண்ணுக்கும் அது பளிச்சென்று தெரிகிறது என்பது தற்செயல். நெட்டும் இறக்கித்தான் இருக்கும், அதுவும் அவர்களுக்காக. பெனிட்டா இந்த நெட்டில் ஆடுவதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. ஆனாலும் சனிக்கிழமை எனக்குக் கூட்டாளியாக வந்துவிடுகிறாள். பாவம், அவளுக்கும் ஒரு துணை வேண்டும் அல்லவா?

இதோ வருகிறாள், என் முறை வந்துவிட்டது. எந்தப் பக்கம் வந்து நிற்கிறாள், பார்த்தீர்களா? இந்தக் காதுப் பக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"தாணு சார், மஞ்சப் பாதத்துல நின்னா போதும். பின்னாடி வாறத நான் பாத்துக்கிடுதேன்."

கேட்டீர்களா? கட்டளை. எனக்கே கட்டளை. போகட்டும்.

தம்பியைச் சேர்ப்பதானால் தாராளமாகச் சேருங்கள் அம்மா. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு வருத்தப்படக் கூடாது. சட்டம் என்றால் சட்டம். இங்கே யாருக்கும், எந்தச் சலுகையும் கிடையாது.

கொஞ்சம் கை கொடுங்கள், எழுந்திருக்க வேண்டும்.